உதடும் சத்தமும்

04.08.2008, திங்கள்

நஸ்ரீன் சொல்லித்தான் இதை எழுத ஆரம்பிக்கிறேன். என் கணவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வாரம் இரண்டு நாள் வருகிறாள். "என்ன சொன்னாங்க, எப்ப கோபப்பட்டாங்க, எல்லாத்தையும் எழுதுங்க டீச்சர். புதுசா ஒரு டாக்டர் எடுத்து வாசிச்சாலும் விளங்கணும்" என்றாள். அதனால் புதிதாக ஒருவருக்குச் சொல்வது போலவே எழுதுகிறேன்.

என் கணவர் துரைசிங். வயது ஐம்பத்தெட்டு. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக முப்பது வருஷம் தென் மாவட்டம் முழுக்கச் சுற்றியவர். பேச்சுதான் தொழில். டாக்டர்களைச் சிரிக்கவைத்தே மாத்திரையை எழுதவைப்பார் என்று ஆபீஸில் சொல்வார்கள். ஜூன் மாதம் பக்கவாதம் வந்தது. வலது காலும் கையும் தளர்ந்தன. கால் பரவாயில்லை, கம்பு ஊன்றி நடக்கிறார். பேச்சு போய்விட்டது. நாம் பேசுவது முழுக்கப் புரிகிறது. வாயில் வருவது மட்டும் ஒரே வார்த்தை.

"அதான்."

காப்பி வேண்டுமா? அதான். வலிக்கிறதா? அதான். கோபம் வந்தால் அதான் அதான் அதான் என்று மூச்சிரைக்கச் சொல்கிறார்.

நான் மகளிர் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். செப்டம்பர் கடைசிவரை லீவு.

இன்றைய பயிற்சி: நான் எதிரே உட்கார்ந்து "தண்ணி" என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். இவர் என் உதட்டைப் பார்த்து என்னோடு சேர்ந்து சொல்ல வேண்டும். என் வாயைப் பார்க்கச் சொன்னால் சுவரைப் பார்க்கிறார். அரை மணி நேரம். சுவருக்குத்தான் பாடம் நடத்தினேன்.

05.08.2008

சுவர்.

06.08.2008, புதன்

மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தேன். டிவியில் செய்தி வாசிக்கிறவரின் வாயையே உற்றுப் பார்க்கிறார். இவர் உதடும் கூடவே அசைகிறது. சத்தம் வரவில்லை, ஆனால் அசைகிறது. கீரையை அப்படியே போட்டுவிட்டு நஸ்ரீனுக்குப் போன் செய்தேன்.

"நல்ல விஷயம் டீச்சர். ஆனா நியூஸ் வாசிக்கிறவங்க வேகம் சாருக்கு ஒத்துவராது. சாரே பேசுன வீடியோ ஏதாச்சும் இருக்கா? முகம் நேரா தெரியணும். சொந்த வாய், சொந்தக் குரல்னா இன்னும் லேசா இருக்கும்னு எனக்கு ஒரு நெனப்பு."

வீடியோவுக்கா பஞ்சம்? கம்பெனி சிங்கப்பூர் கூட்டிப்போனபோது வாங்கிய கேமரா. பீரோ மேல்தட்டில் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கேசட்.

07.08.2008

காலையிலிருந்து கேமராவை டிவியில் மாட்டிக் கேசட்டுகளை ஓட்டிப் பார்த்தேன். குற்றாலம், மகள் ஷீபாவின் கல்லூரி விழா, வேளாங்கண்ணி, கிறிஸ்துமஸ், திரும்பவும் குற்றாலம். எல்லாவற்றிலும் இவர் குரல் இருக்கிறது. "இப்ப அருவிய நோக்கி நம்ம படை நகருது... ஹெப்சி, கொஞ்சம் தள்ளி நில்லு, அருவி மறைக்குது..." ஒன்றிலும் இவர் முகம் இல்லை. கேமராவை யார் கையிலும் கொடுக்காத மனிதர் எப்படிப் படத்தில் வருவார்?

அந்த ஹெப்சி நான்தான். எல்லாப் படத்திலும் இருக்கிறேன். பேசவே காணோம். வாயைத் திறக்கிறேன், அதற்குள் இவர் குரல் வந்துவிடுகிறது.

இதை டாக்டர் வாசிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம் அந்த அமைதி எனக்குப் பிடித்துக்கூட இருந்தது.

09.08.2008, சனி

கிடைத்துவிட்டது.

மேலே பேர் எழுதாத கேசட். காலி என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தேன். ஓட்டினால், இதே ஹால், இதே பச்சைத் திரைச்சீலை. இவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, கேமராவை ஸ்டாண்டில் வைத்துவிட்டு எதிரே வந்து நிற்கிறார். தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.

"வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம்."

நிறுத்துகிறார். தலையை ஆட்டுகிறார். மறுபடியும் சொல்கிறார். அப்புறம் இன்னும் மெதுவாக. ஷீபா கல்யாண வரவேற்பில் பேசுவதற்கான ஒத்திகை. மூன்று வருஷத்துக்கு முந்தியது. நான் பள்ளிக்கூடம் போயிருந்த ஏதோ ஒரு பகலில் எடுத்திருக்கிறார். நாற்பது நிமிஷம், ஒவ்வொரு வரியும் ஆறு தடவை, ஏழு தடவை. திக்குகிறார், விழுங்குகிறார், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

வரவேற்பன்று மைக்கைப் பிடித்து ஐந்தே நிமிஷம் பேசினார். கூட்டம் கைதட்டியது. போகிற போக்கில் பேசுகிற மனிதர் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வருஷமாக.

இருபத்தாறாவது நிமிஷத்திலிருந்து கொஞ்ச நேரம் வேறு விஷயம் பேசுகிறார். பயிற்சிக்கு உதவாது. அதை வெட்டிவிட வேண்டும்.

10.08.2008, ஞாயிறு

ஷீபா தோஹாவிலிருந்து பேசினாள். கேசட் விஷயத்தைச் சொன்னேன். "அப்பா ரிகர்சல் பண்ணுனாங்களா? அப்பாவா?" என்று நாலு தடவை கேட்டாள்.

கேசட்டையே தினமும் ஓட்டினால் என்ன என்று அவளுக்குச் சந்தேகம். ஒரே வரிக்காக நூறு தடவை முன்னும் பின்னும் இழுத்தால் நாடா அறுந்துவிடும். இருப்பது ஒன்றே ஒன்று. டிவிடி என்றால் வரிவரியாகப் பிரித்து வைக்கலாம். இடது கையில் ரிமோட்டைப் பிடித்து இவரே பட்டனை அமுக்கித் திரும்பக் கேட்கலாம்.

"கடையில குடும்மா, மாத்திக் குடுப்பாங்க."

"அந்தக் கேசட்ட நான் யாருட்டயும் குடுக்க மாட்டேன்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. அவள் வேறு பேச்சு பேசினாள்.

13.08.2008, புதன்

கேமராவையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் வயர் வாங்க ஜங்ஷனில் நாலு கடை ஏறி இறங்கினேன். கேசட் ஓடும் வேகத்தில்தான் படம் கம்ப்யூட்டருக்குள் இறங்கும். நாற்பது நிமிஷம் ஓடவேண்டும். முப்பதாவது நிமிஷத்தில் கரண்ட் போனது. மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை வைரஸைத் தேடுகிற சாஃப்ட்வேர் நடுவில் கண் விழித்துக்கொண்டது. படம் அங்கங்கே குதிக்கிறது.

துவரம்பருப்பு கருகிவிட்டது. இரண்டு பேரும் தயிர் ஊற்றிச் சாப்பிட்டோம்.

14.08.2008

மற்ற எல்லா சாஃப்ட்வேரையும் மூடிவிட்டு, நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, காலைக் கரண்ட் கட் முடிந்த கையோடு உட்கார்ந்தேன். முழுப் படமும் ஒரு குதிப்பு இல்லாமல் இறங்கிவிட்டது! ஃபைல் மலை மாதிரி இருக்கிறது. இதைச் சுருக்கி டிவிடிக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும். அதற்கு மூன்று மணி நேரம் ஆகும் என்கிறது.

18.08.2008, திங்கள்

முதல் டிவிடி. பிளேயர் வாயைத் திறந்து வாங்கி, யோசித்து, 'டிஸ்க் இல்லை' என்று துப்பிவிட்டது. வேறு வகை டிஸ்க் வாங்கி எழுதியபிறகு ஏற்றுக்கொண்டது.

இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் தன் முகத்தைக் கண்டதும் ஆச்சரியத்தில் "அதான்!" என்றார். நான் எதையும் விளக்கவில்லை. வரி ஓட ஆரம்பித்தது. இவர் உதடு அசைந்தது. "வ..." என்று ஒரு சத்தம். நிச்சயமாக 'வ'தான். அடுப்பில் பால் இருந்ததால் நான் ஓடவேண்டியதாயிற்று. திரும்பி வந்தால் ரிமோட் மூலையில் கிடக்கிறது, மூடி கழன்று பேட்டரி உருண்டிருக்கிறது. இவர் படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

களைத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

20.08.2008, புதன்

களைப்பு இல்லை. நஸ்ரீன் வந்து இவரோடு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தாள். பத்து நிமிஷம் போனதும் ரிமோட்டில் நிறுத்தினாள்.

"டீச்சர், நல்லா பாருங்க. வாய் மூடிருச்சு, சத்தம் அப்புறமா வருது."

பார்த்தேன். ஆமாம். முப்பதாவது நிமிஷத்தில் இன்னும் மோசம். இவர் வாயை மூடிக் கைக்குட்டையை எடுத்தபிறகு "வணக்கம்" கேட்கிறது. மனுஷனுக்கு ஏற்கெனவே வாயும் சத்தமும் ஒன்றோடொன்று சேரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அதையே நான் படமாக எடுத்துக் காட்டியிருக்கிறேன்.

"உதடும் சத்தமும் ஒட்டி வரணும் டீச்சர். இல்லன்னா போடவே வேண்டாம், குழப்பம்தான் கூடும்."

இவரிடம் போய், "தப்பு என் மேலதான். சரி பண்ணித் தாரேன்" என்றேன். சுவரிலிருந்து முகம் திரும்பவில்லை. ஆனால் "அதான்" மெதுவாக வந்தது.

23.08.2008

சத்தத்தை மட்டும் பிரித்து, ஒரு வினாடி முன்னால் இழுத்து ஒட்டினேன். மூன்று மணி நேரம் ஓடியது. பார்த்தால் நடுவில் சரியாக இருக்கிறது, ஆரம்பத்தில் வாய் திறக்கும் முன்னே சத்தம் வருகிறது, கடைசியில் பழையபடி பின்தங்குகிறது. போர்வை கதைதான். தலைக்கு இழுத்தால் காலுக்கு இல்லை.

24.08.2008, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்து, நெட்டில் இந்த மாதிரி வேலை செய்கிறவர்கள் கூடிப் பேசும் ஒரு இடத்தில் கேள்வியை எழுதிப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில். 'கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கவும்.' என் வகுப்பில் இப்படி ஒருத்தி பேசியிருந்தால் பெஞ்சில் ஏற்றியிருப்பேன்.

சாயந்திரம் ஃபின்லாந்திலிருந்து ஒருவர் பொறுமையாக எழுதியிருந்தார். 'தாமதம் எல்லா இடத்திலும் ஒரே அளவா? அல்லது நேரம் போகப் போகக் கூடுகிறதா?'

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இது நான் வருஷாவருஷம் ஒன்பதாம் வகுப்பில் கேட்கிற கேள்வி! மாறாத எண்ணா, சரிவுள்ள கோடா? ஒரு மாசமாக டீச்சர் வேலையை மறந்து உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

25.08.2008, திங்கள்

கிராஃப் தாள் எடுத்தேன். ப, ம என்றால் உதடு ஒட்டியே ஆகவேண்டும். ஒத்திகையில் "மாப்பிள்ளை" என்ற வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு "மாப்பிள்ளை"யிலும் உதடு ஒட்டுவது எப்போது, சத்தம் கேட்பது எப்போது என்று குறித்தேன். புள்ளிகளைச் சேர்த்தால் வளைவே இல்லாத நேர்கோடு. ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி.

இவர் கம்பை ஊன்றி வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். கோட்டைக் காட்டி, "பாத்தீங்களா, உங்க சத்தம் எவ்வளவு ஒழுங்கா பிந்துது!" என்றேன். தாடையைத் தூக்கிச் சிரித்தார். ஜூனுக்குப் பிறகு முதல் சிரிப்பு. தேதியோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

28.08.2008

ஃபின்லாந்துக்காரர் விளக்கினார். கேமரா சத்தத்தைச் சின்னச் சின்னத் துளியாக வெட்டிப் பதிகிறது. என் கேமராவில் வினாடிக்கு முப்பத்திரண்டாயிரம் துளி. டிவிடிக்கு நாற்பத்தெட்டாயிரம் வேண்டும். அதுபோக, மலிவான கேமராக்களில் அந்த முப்பத்திரண்டாயிரமும் துல்லியமாக இருக்காதாம். வினாடிக்கு இருபது முப்பது துளி கூடும், குறையும். அந்தச் சின்னப் பிசகு நாற்பது நிமிஷத்தில் பெரிதாகிவிடுகிறது. படத்தின் நீளத்தையும் சத்தத்தின் நீளத்தையும் தனித்தனியாக அளந்து பார் என்றார். அளந்தேன். சத்தம் இரண்டு வினாடி நீளம் அதிகம்.

பிறகென்ன, விகிதம்தான். சத்தத்தை முழுசாக ஒரே சீராகச் சுருக்கி, நாற்பத்தெட்டாயிரத்துக்கு மாற்றி, படத்தின் நீளத்தோடு சமமாக்கி, பிறகு சேர்க்க வேண்டும். ஆறாம் வகுப்புக் கணக்கு.

30.08.2008, சனி

ஒட்டிவிட்டது. முதல் நிமிஷமும் ஒட்டுகிறது, முப்பத்தொன்பதாம் நிமிஷமும் ஒட்டுகிறது. "மாப்பிள்ளை" என்று உதடு ஒட்டும்போதே காதில் "மா" விழுகிறது. தனியாக நின்று கைதட்டினேன்.

ஆனால் இன்னொன்று கண்ணில் பட்டது. தலையை அசைக்கும்போது உதட்டோரம் சீப்புப் பல் மாதிரி நடுங்குகிறது. முன்னால் கவனிக்கவே இல்லை.

02.09.2008, செவ்வாய்

அதுவும் பிடிபட்டது. இந்தக் கேமரா ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாகப் பதிகிறது; ஒற்றைப்படை வரிசைக் கோடுகள் ஒரு பாதி, இரட்டைப்படை வரிசைக் கோடுகள் ஒரு பாதி. எந்தப் பாதி முதலில் என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லவேண்டும். நான் சொல்லாததால் அது தானாக ஒன்றை நினைத்துக்கொண்டது. முன்னது பின்னதாக, பின்னது முன்னதாகக் காட்டினால் நடுங்காமல் என்ன செய்யும்? ஒரே ஒரு இடத்தில் ஒரு டிக். அவ்வளவுதான். மறுபடி மூன்று மணி நேரம், நடுவில் கரண்ட் போய் மறுபடியும் மூன்று மணி நேரம்.

03.09.2008, புதன்

நஸ்ரீன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். ரிமோட் இவர் இடது கையில்.

திரையில் இவர் தொண்டையைச் செருமினார். நாற்காலியில் இவரும் செருமினார்.

"வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம்."

முதல் தடவை உதடு மட்டும். இரண்டாம் தடவை 'வ', பிறகு ஒரு முனகல். மூன்றாம் தடவை, நாலாம் தடவை. ஐந்தாம் தடவை இரண்டு குரல் கேட்டது. டிவியிலிருந்து ஒன்று, நாற்காலியிலிருந்து ஒன்று. நாற்காலிக் குரல் கரகரப்பாக இருந்தது, "எல்லாருக்கும்" பாதி கரைந்து போனது, ஆனால் "வணக்கம்" முழுசாக இருந்தது. ம் என்று உதடு ஒட்டி முடிந்தது.

நஸ்ரீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவர் திரும்பி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். என்னவோ திருடிவிட்ட பையன் மாதிரி முகம்.

"சார்! இன்னொரு தடவ!" என்றாள் அவள்.

பட்டனை அமுக்கினார். வணக்கம். அமுக்கினார். வணக்கம். நானும் நஸ்ரீனும் மாறி மாறிப் பதில் வணக்கம் சொன்னோம். எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

04.09.2008

டிவி ஓடினால் வருகிறது. நிறுத்தினால் "அதான்."

மனசு விட்டுப்போயிற்று. நஸ்ரீனுக்குப் போன் செய்தேன். "இப்படித்தான் இருக்கும் டீச்சர். கைப்பிடிச்சு நடக்கிற பிள்ள மாதிரி. கைய கொஞ்சங்கொஞ்சமா எடுக்கணும்" என்றாள்.

கையை எப்படிக் கொஞ்சங்கொஞ்சமாக எடுப்பது? பாத்திரம் துலக்கும்போது தோன்றியது. சத்தம்தான் இப்போது தனி ஃபைலாக என் கையில் இருக்கிறதே.

09.09.2008, செவ்வாய்

புது டிவிடி. ஒவ்வொரு வரியும் மூன்று தடவை. முதல் தடவை முழுச் சத்தம். இரண்டாவது பாதிச் சத்தம். மூன்றாவது சத்தமே இல்லை, உதடு மட்டும். உதடு மட்டும் ஓடும்போது இவர் குரல் தனியாக நிற்க வேண்டும்.

இன்று நிற்கவில்லை. பாதியில் விழுந்தது.

16.09.2008

விழுந்தது. ஆனால் தள்ளிப் போய் விழுந்தது.

21.09.2008, ஞாயிறு

நின்றது. "என் ஒரே மகள் ஷீபா" என்று சத்தமில்லாத உதட்டுக்கு இவர் குரல் கொடுத்தார். தோஹாவுக்குப் போன் போட்டு, ரிசீவரை இவர் வாயருகே வைத்து அந்த வரியை ஓடவிட்டேன்.

"என் ஒரே மகள் ஷீபா."

 ஷீபா, "அப்பா, நான் இங்கதான் இருக்கேன்ப்பா" என்றாள். இவர் அழுதார், அவள் அழுதாள். நான் அழவில்லை. லைன் கட்டாகாமல் வயரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

29.09.2008, திங்கள்

நாளை மறுநாள் பள்ளிக்கூடம் போகவேண்டும். காலையில் என் மாமா மகள் ரூத் வந்து துணைக்கு இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். பரீட்சைப் பேப்பர் கட்டு கட்டாகக் காத்திருக்கும்.

அந்த வெட்டிய பகுதி, இருபத்தாறாவது நிமிஷம், கம்ப்யூட்டரில் சும்மா கிடக்கிறது. அதையும் ஒரு டிஸ்க்கில் எழுதி வைப்பது நல்லது. கம்ப்யூட்டர் எப்போது என்ன செய்யும் என்று சொல்லமுடியாது.

30.09.2008

எழுதினேன். சரியாக வந்திருக்கிறதா என்று போட்டுப் பார்த்தேன். நாலு தடவை பார்க்கவேண்டியிருந்தது.

05.10.2008, ஞாயிறு

இதை டாக்டர் வாசித்தாலும் பரவாயில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இவர் தூங்கினார். நான் ஹாலில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அலுப்பாக இருந்ததால் அந்த டிஸ்க்கைப் போட்டேன். அதில் இவர் சொல்வது இதுதான்:

"என் வீட்டுக்காரி ஹெப்சிபா டீச்சர். நான் ஊர் ஊரா பேசிட்டுத் திரிஞ்சப்ப இந்தப் பிள்ளைய வளத்தது அவதான். வீட்டுக்கு வந்தும் நான்தான் பேசுனேன். ஒரு நாளும் அவள பேசவிட்டதில்ல."

நிறுத்துகிறார். கைக்குட்டை. மறுபடி ஆரம்பிக்கிறார். மூன்றாம் தடவை "அவள" என்ற இடத்தில் குரல் உடைந்து, கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டி, "வேண்டாம். இத மேடையில சொன்னா நான் அழுதுருவேன்" என்கிறார். மேடையில் சொல்லவும் இல்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

நான் நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கம்பு ஊன்றும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கதவருகே இவர் நிற்கிறார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. ரிமோட்டைத் தேடினேன், பேப்பருக்கு அடியில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. திரையில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இவர் என்னைப் பார்க்கவில்லை. திரையை உற்றுப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். கம்பைத் தூக்கித் திரையைக் காட்டினார்.

"சத்தம்" என்றார். நிறுத்தி மூச்சு வாங்கினார். "சத்தம்... பிந்தி... வருது."

யாரும் சொல்லிக் கொடுக்காத வாக்கியம். எந்த டிஸ்க்கிலும் இல்லாத வாக்கியம். உதடு காட்ட எதிரே யாரும் இல்லை.

"என்ன சொன்னீங்க?"

"பிந்தி வருது" என்றார் எரிச்சலோடு. இவ்வளவு நாளாக இதே வேலையாக இருக்கிறவளுக்கு இதுகூடத் தெரியவில்லையா என்கிற எரிச்சல். முழுக்க முழுக்கப் பழைய துரைசிங்கின் எரிச்சல்.

திரையைப் பார்த்தேன். உண்மைதான். பழைய ஃபைலிலிருந்து அப்படியே வெட்டி எழுதியிருக்கிறேன், சுருக்காத சத்தத்தோடு. ஒரு வினாடிக்கு மேலே பிந்துகிறது. ஐந்தாறு தடவை ஓட்டியும் நான் கவனிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எப்படித் தெரியும்?

"ஆமா, பிந்தித்தான் வருது" என்றேன்.  இவர் மெதுவாக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சிவப்பு மை பட்ட என் விரலைப் பிடித்துக்கொண்டார். படம் தானாக முடியும்வரை இரண்டு பேரும் அப்படியே பார்த்தோம்.

06.10.2008, திங்கள்

பள்ளிக்கூடம் கிளம்புமுன் அந்தப் பகுதியின் சத்தத்தைச் சுருக்கி ஒட்டிவிட்டேன். இப்போது மிகச் சரியாக இருக்கிறது.

ஃபின்லாந்துக்காரருக்கு நன்றி எழுதினேன். அவருக்கு ஒரு பேச்சும் விளங்காது என்றாலும் பழையது, புதியது இரண்டிலிருந்தும் ஒரு துண்டு அனுப்பினேன். 'உதடுகள் இப்போது உண்மை பேசுகின்றன' என்று பதில் போட்டிருந்தார்.

15.10.2008, புதன்

வந்த வார்த்தைகள்: உப்பு. போதும். மழை. பேப்பர். ரூத். மெல்ல. சட்டை இல்ல, வேற.

"அதான்" இன்னும் வருகிறது. சரியான இடத்தில் வருகிறது. நஸ்ரீன் தான் பயிற்சி கொடுக்கிற வேறு இரண்டு வீட்டில் சொல்லி, அவர்களும் பழைய கல்யாணக் கேசட்டைத் தேடி எடுத்திருக்கிறார்களாம். "டீச்சர், நீங்கதான் பண்ணித் தரணும்." சரி என்றேன். கேசட்டைக் கொடுக்கும்போது மாத்திரம் அந்த வீட்டு ஆள் ஒருவர் கூடவே வந்து உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டேன். யார் வீட்டுக் கேசட்டில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

02.11.2008, ஞாயிறு

காலையில் நான் அடைமாவு கரைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் மாவு. ஹாலில் போன் அடித்தது. ஷீபா கூப்பிடும் நேரம் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு போகலாம் என்று குழாயைத் திறந்தேன். மணி நின்றுவிட்டது.

ரிசீவரை எடுத்துவிட்டார்!

குழாயை மூடிவிட்டு அசையாமல் நின்றேன். அந்தப் பக்கத்து ஆள் சத்தம் அடுப்படிவரை கேட்டது. "அரிசி மண்டிங்களா?"

இங்கே பேச்சில்லை. 

"இல்ல" என்றார் இவர். கொஞ்சம் பொறுத்து, "இது... வீடு. ராங் நம்பர்."

வைத்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் மாவுக் கையோடு நின்றேன். போகலாமா, வேண்டாமா? அதற்குள் மறுபடி மணி.

"மண்டிதான?"

"அய்யா, இது வீடு. மண்டி இல்ல. நம்பர... பாத்துப் போடுங்க."

பாத்துப் போடுங்க!  சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தேன், முந்தானை முழுக்க மாவு.

மூன்றாவது தடவையும் அடித்தது. இந்தத் தடவை முதல் மணி முடியுமுன்பே எடுத்துவிட்டார். கையை ரிசீவர் மேலேயே வைத்திருந்திருக்க வேண்டும். அந்த மனுஷன் வாயைத் திறக்குமுன் இவர் ஆரம்பித்தார்.

"எத்தன மட்டம் சொல்லணும் வே! இங்க அரிசி கெடையாது. அடைதான் இருக்கு. சாப்பிட வாரும்!"

டொக் என்று வைத்தார்.

நான் வெளியே வந்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.  நான் போய் அடுப்பைப் பற்றவைத்துக் கல்லைப் போட்டேன், முதல் அடையை ஊற்றினேன். அது முறுகுகிற வாசம் வந்தும் இவர் சாப்பாட்டு மேஜைக்கு வரவில்லை. எட்டிப் பார்த்தேன். போன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருக்கிறார்.

அந்த ஆள் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. எனக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது.